அதிகாலை 3:50-க்கு வெளியான டைரிப் பக்கம்

நான் வேலை பார்ப்பது சிவகாசியில், ஓர் ஆஃப்செட் அச்சகத்தின் டிடிபி பிரிவில், அதாவது கணினியில் பக்கம் கோக்கிற இடத்தில். இந்த ஊரில் டைரிக்குப் பஞ்சமா? ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அன்றைக்கு ஆரம்பிக்கிற ஓட்டம் மார்கழியில்தான் நிற்கும். மூலை மடங்கியது, அட்டையில் தங்க எழுத்து சரியாக ஒட்டாதது என்று கழித்துப்போட்ட டைரிகளை எங்களுக்கே கொடுத்துவிடுவார்கள். அப்படி வீட்டில் சேர்ந்தது பதினாலு. ஒன்றிலும் ஒரு வரி எழுதியதில்லை. பேனா பிடித்தால் பத்து வரிக்கு மேல் விரல் மடங்காது. தட்டச்சு என்றால் விடிய விடிய ஓடும். அதனால் என் டைரி எப்போதுமே கணினியில்தான்.

போன தை மாதம், சீசன் முடிந்து கை ஓய்ந்திருந்தபோது, டைரி எழுதுவதற்கென்றே உள்ள ஒரு மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கினேன். விண்டோஸ் கணினியில் நிறுவிக்கொள்வது. எழுதுவதெல்லாம் நம் கணினியிலேயே இருக்கும். விரும்புகிற பக்கத்தை மட்டும் ஒரே சொடுக்கில் நம் வலைப்பதிவுக்கு அனுப்பலாம் என்று விளம்பரம். அந்த ஒரு வரிக்காகத்தான் வாங்கினேன். விலை 2,900 ரூபாய். 30 நாள் இலவசமாகப் பார்க்கலாம்தான், ஆனால் வலைப்பதிவுக்கு அனுப்புகிற வசதி காசு கட்டிய பிறகுதான் திறக்கும். புடவையைப் பிரித்துக் காட்டமாட்டேன், பில் போட்ட பிறகு வீட்டில் போய்ப் பார்த்துக்கொள் என்பது மாதிரி. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மென்பொருளின் பெயரைப் போடவில்லை. எழுதியவர் தனி ஆள். ஏதோ ஒரு நாட்டில் வேலை முடிந்து வந்து ராத்திரியில் உட்கார்ந்து செய்கிறார். ஒற்றை ஆளின் உழைப்பை நாலு பேர் நடுவில் பேர் சொல்லித் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் இதே மாதிரி ஒன்றை வாங்கப்போகிறவர்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று சொல்லியாக வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுதுவதற்கு இவ்வளவு சுகமான ஒன்றை நான் பார்த்ததில்லை. திறந்த இரண்டு விநாடியில் இன்றைய தேதிப் பக்கம் வந்து நிற்கும். இடது ஓரத்தில் சின்ன மாதக் காலண்டர். எழுதிய நாட்களெல்லாம் தடித்த எழுத்தில். தமிழ்99 விசைப்பலகையில் எவ்வளவு வேகமாக அடித்தாலும் எழுத்து முழுங்குவதில்லை, கொம்பும் காலும் இடம் மாறுவதில்லை. பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்த எட்டு வருஷப் பழைய குறிப்புகளையும் கொண்டுவந்து போட்டேன். பாமினியில் 'அம்மா' என்று திரையில் தெரிந்தாலும் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்தக் குப்பையைக்கூட மாற்றாமல் வாங்கிக்கொண்டு, அந்தப் பக்கத்துக்கு மட்டும் பாமினி எழுத்துரு போட்டுக்கொள்ள விட்டது. பிறகு நிதானமாக ஒவ்வொன்றாக, இப்போதைய பொது முறையான யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டேன். தேடலும் நன்றாகவே வேலை செய்கிறது. 'மரம்' என்று தேடினால் 'மரத்தில்' வராது, 'கடை' என்று தேடினால் 'கடைசி'யெல்லாம் வந்து நிற்கும். அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது, தமிழின் கைங்கரியம்.

இனி வலைப்பதிவு.

எனக்குச் சொந்தமாக ஒரு வேர்ட்பிரஸ் தளம் இருக்கிறது. தங்கச்சி மகன் போட்டுக் கொடுத்தது. அச்சு வேலை, ஊர் விஷயம், எப்போதாவது சமையல் என்று எழுதுவேன். மின்னஞ்சலில் பதிவு கேட்டு வாங்குகிறவர்கள் 41 பேர். இந்த 41 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் முதல் பெட்டியே 'எண்ட்பாயிண்ட்' கேட்கிறது. தளத்தின் முகவரியைப் போட்டேன். 'இணைக்க முடியவில்லை' என்றது. ஏன் என்று சொல்லவில்லை. பையனைக் கூப்பிட்டேன். "பெரியம்மா, கடைசியில எக்ஸ்எம்எல்ஆர்பிசி டாட் பிஹெச்பின்னு சேர்த்துப் போடுங்க" என்றான். வெளி மென்பொருள் பதிவு அனுப்ப நுழைகிற வாசல் அந்தக் கோப்புதானாம். இந்த ஒரு வரி உதவிப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. சேர்த்துப் போட்டேன், அதற்கும் இணைக்க முடியவில்லை. அதே முகவரியை பிரவுசரில் அடித்துப் பார்த்தால் கதவு சாத்தியிருக்கிறது என்று வந்தது, 403. அந்தக் கோப்பு உயிரோடு இருந்தால் 'போஸ்ட் கோரிக்கைகளை மட்டுமே ஏற்பேன்' என்று ஆங்கிலத்தில் ஒற்றை வரி வருமாம். பார்க்கத் தப்பு மாதிரி இருக்கும் அந்த வரிதான் நல்ல சகுனம். 403 வந்தால் நடுவில் யாரோ தடுக்கிறார்கள் என்று அர்த்தம்.

தடுத்தது எனக்கு இடம் வாடகைக்கு விட்டிருக்கிற நிறுவனம். கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்துத் திறக்கப் பார்க்கிற திருட்டு நிரல்கள் அந்த வாசலில்தான் அதிகம் வந்து முட்டுமாம். அதனால் எல்லாத் தளத்துக்கும் பொதுவாக அடைத்துவிட்டார்களாம். கேட்டால் திறந்துவிடுகிறார்கள், ஒரு நாள் ஆனது. அதில் எனக்குக் கோபமில்லை. வேர்ட்பிரஸில் 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பிலிருந்தே வேறு புது வழி இருக்கும்போது, இந்த மென்பொருள் ஏன் இன்னமும் பழைய வாசலையே கட்டிக்கொண்டு அழுகிறது என்பதுதான் என் கேள்வி. இவர் பயன்படுத்துவது, வெளி மென்பொருளிலிருந்து வலைப்பதிவுக்குப் பதிவு அனுப்ப 2002-ல் டேவ் வைனர் என்ற அமெரிக்க நிரலாளர் வகுத்த மெட்டாவெப்லாக் என்ற முறை. அது பழையது என்பதற்காகக் குறை சொல்லமாட்டேன், எங்கள் அச்சகத்தில் அதைவிட மூத்த மிஷின் இன்னமும் ஓடுகிறது. ஆனால் மிஷின் பழையது என்றால் அதை ஓட்டத் தெரிந்தவர் பக்கத்தில் நிற்க வேண்டாமா?

வாசல் திறந்ததும் கடவுச்சொல் தப்பு என்றது. என் தளத்தில் இரண்டடுக்குப் பாதுகாப்பு வைத்திருப்பதால் சாதாரண கடவுச்சொல் செல்லாது. 2020 டிசம்பரில் வந்த 5.6 பதிப்பிலிருந்து இந்த மாதிரி வெளி மென்பொருளுக்கென்றே தனிக் கடவுச்சொல் ஒன்றை வேர்ட்பிரஸ் உண்டாக்கித் தரும். நாலு நாலு எழுத்தாக ஆறு கொத்து, மொத்தம் 24. நகலெடுத்து ஒட்டினேன், தப்பு என்றது. இடைவெளிகளை எடுத்துவிட்டு ஒட்டினேன். தப்பு. புதிதாக இன்னொன்று உண்டாக்கி ஒட்டினேன். அதுவும் தப்பு.

புரூஃப் பார்த்துப் பழகிய கண் எனக்கு, எதையும் எண்ணாமல் விடாது. பெட்டிக்குள் வரிசையாக நின்ற கறுப்புப் புள்ளிகளை எண்ணினேன். 20. இன்னொரு தரம் விரல் வைத்து எண்ணினேன், அதே 20. பெட்டி இருபது எழுத்துக்கு மேல் வாங்காது. மீதி நாலை ஒரு வார்த்தை சொல்லாமல் விழுங்கிவிட்டு, கடவுச்சொல் தப்பு என்று என் மேல் பழி போடுகிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ராத்திரி ஆனது. கடைசியில் மென்பொருளின் அமைப்புக் கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தால், கடவுச்சொல்லை எந்தப் பூட்டும் இல்லாமல் வெறும் எழுத்தாகவே எழுதி வைத்திருக்கிறது. அங்கேயே மீதி நாலு எழுத்தையும் சேர்த்துச் சேமித்தேன். உள்ளே போய்விட்டது. கடவுச்சொல்லை இப்படித் திறந்துபோட்டு வைத்திருப்பது பெரிய தப்பு, ஆனால் அந்தத் தப்புதான் என்னைக் காப்பாற்றியது. இதற்கு எத்தனை மதிப்பெண் குறைப்பது என்று எனக்கே விளங்கவில்லை.

இணைந்ததும் தளத்திலிருந்து என் வகைப் பெயர்களைக் கொண்டுவந்து காட்டியது. 'சமையல்' என்று இருக்க வேண்டிய இடத்தில் தலையில் கோடு போட்ட பிரெஞ்சு ஏ, வட்டத்துக்குள் ஆர், மறுபடி ஏ, மறுபடி ஆர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிடிபியில் இருக்கிறவர்களுக்கு இந்த வட்டத்து ஆர் பழைய சிநேகிதன். யூனிகோடுத் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு. முதல் பைட்டு எல்லாவற்றுக்கும் ஒன்றே, இரண்டாவதில் இரண்டே வகை. அதைப் படிக்கத் தெரியாத மென்பொருள் பைட்டு பைட்டாகப் பிரித்து ஐரோப்பிய எழுத்தாகக் காட்டும்போது அந்த ஏவும் ஆரும் வரிசை கட்டி நிற்கும். நாலெழுத்து 'சமையல்' பதினெட்டு பைட்டுக் கிறுக்கல். ஆனால் இது வந்தால் பயப்பட வேண்டியதில்லை. உள்ளே சரக்கு பத்திரமாக இருக்கிறது, கண்ணாடிதான் மாறிப்போயிருக்கிறது. வரிசையாகக் கேள்விக்குறி வந்தால்தான் வயிற்றைக் கலக்க வேண்டும், போனது போனதுதான். அமைப்பில் மூன்றாவது தாவலுக்குள் ஒளிந்திருந்த ஒரு பட்டியலில், யூனிகோடைப் பைட்டாக எழுதும் முறையான 'யூடிஎஃப்-8' என்று மாற்றினேன், சரியாகிவிட்டது. ஏன் அதுவே முதலிலிருந்து இருக்கக்கூடாது என்று கேட்டால் பதில் கிடையாது.

இப்போது அந்த ராத்திரி.

மணி பத்தேகால். 'சோதனை' என்று தலைப்புப் போட்டு, 'இது சோதனைப் பதிவு' என்று ஒரு வரி அடித்தேன். பயம் இருந்ததால் 'வரைவு' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். 10:20-க்கு அனுப்பு பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. இந்த மென்பொருளுக்கு ஒரு குணம்: தோற்றால் பெட்டி பெட்டியாகப் போட்டுக் கத்தும், ஜெயித்தால் வாயே திறக்காது. தளத்தின் முகப்பைத் திறந்து பார்த்தேன், புதிதாக எதுவும் இல்லை. வரைவுதானே, முகப்பில் எப்படி வரும் என்றுகூட அந்த நேரத்தில் தோன்றவில்லை. மறுபடி அழுத்தினேன். வரைவு டிக்கை எடுத்துவிட்டு அழுத்தினேன், வைத்து அழுத்தினேன். மொத்தம் ஐந்து தடவை. தளத்தின் உள்ளே போய்ப் பதிவுப் பட்டியலைப் பார்த்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். தோன்றவில்லை. போடா என்று மூடிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் ஆறரைக்குப் பையன் போன் பண்ணினான். "பெரியம்மா, எதுக்கு ஒரே பதிவை அஞ்சு தடவை போட்டிருக்கீங்க? அதுவும் ராத்திரி மூணு அம்பதுக்கு? தூங்கலையா நீங்க?"

திறந்து பார்த்தேன். 'சோதனை'யைக் காணோம். அக்டோபரில் எழுதிய டைரிப் பக்கம், ஐந்து பிரதி, ஒன்றன்கீழ் ஒன்றாக. சின்ன முதலாளியைப் பற்றி எழுதியது. டெய்லி காலண்டர் ஒன்றில் செவ்வாய்க்கிழமைத் தாளுக்கு ராகுகாலம் 12 முதல் 1:30 என்று தப்பாக ஏறிவிட்டது. அது புதன்கிழமையுடையது. நான் புரூஃபில் திருத்திக் கொடுத்தேன். அவர் அவசரத்தில் திருத்தாத பழைய கோப்பையே அச்சுப் பிளேட்டுக்கு அனுப்பிவிட்டார். பழி டிடிபி தலையில் விழுந்தது. அன்று ராத்திரி என் டைரியில் 'இந்தப் பிள்ளைக்கு ராகுகாலமும் தெரியாது, எமகண்டமும் தெரியாது, அப்பன் சம்பாதித்து வைத்த மிஷினில் உட்கார்ந்து படம் காட்டத்தான் தெரியும்' என்று எழுதி வைத்திருந்தேன். இன்னும் நாலு வரியும் இருக்கிறது, அதை இங்கே எழுதமாட்டேன்.

ஐந்தையும் அழித்தேன். ஆனால் மின்னஞ்சலை அழிக்க முடியுமா? 41 பேருக்கும் தலா ஐந்து போயிருக்கிறது. அந்த 41-ல் சின்ன முதலாளியும் ஒருவர் என்பது பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

எப்படி நடந்தது என்று பையன் உட்கார்ந்து பிரித்தான். மூன்று தப்பு சேர்ந்து வேலை செய்திருக்கிறது. ஒன்று, அனுப்பு பொத்தான் நான் எழுதிக்கொண்டிருக்கிற பக்கத்தை அனுப்புவதில்லை; இடதுபுறப் பட்டியலில் எது தேர்வாகியிருக்கிறதோ அதை அனுப்பும். சாயங்காலம் 'புரூஃப்' என்று எதையோ தேடியிருந்தேன். அந்தத் தேர்வு வெளிறிய சாம்பல் நிறத்தில் அங்கேயே நின்றிருக்கிறது. இரண்டு, அந்த மெட்டாவெப்லாக் முறையில் புதுப் பதிவு போட ஐந்து சமாச்சாரம் அனுப்ப வேண்டும்: எந்த வலைப்பதிவு, பயனர் பெயர், கடவுச்சொல், பதிவு, கடைசியாக 'வெளியிடவா' என்பதற்கு ஆமாம் அல்லது இல்லை. இவர் அந்தக் கடைசி இடத்தில் எப்போதும் 'ஆமாம்' என்றே எழுதி வைத்திருக்கிறார். நான் போட்ட வரைவு டிக் மென்பொருளுக்குள் ஒரு சின்னப் பென்சில் படம் காட்டுவதற்கு மட்டும்தான். மூன்று, நேரம். பக்கம் எழுதிய தேதியை விட்டுவிட்டு, அனுப்புகிற நேரத்தை அனுப்புகிறது. அதையும் நம் கடிகார நேரத்தை அப்படியே எடுத்து, கிரீன்விச் நேரம் என்று முத்திரை குத்தி அனுப்புகிறது. 10:20-ஐ வாங்கிய வேர்ட்பிரஸ், இந்தியாவுக்கு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி 3:50 ஆக்கி, 'சரி, இன்னும் நேரம் வரவில்லை, வந்ததும் வெளியிடுகிறேன்' என்று ஐந்தையும் வரிசையில் வைத்துக்கொண்டது. நான் குறட்டை விடும்போது சொன்னபடி செய்துவிட்டது.

இதில் இரண்டு தப்பைக்கூட மன்னிப்பேன். அந்த வரைவு டிக்கை மன்னிக்க முடியாது. சாதாரண எழுத்துச் செயலியில் அது சின்ன விஷயம். டைரி அப்படியா? டைரிக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு கதவு வைத்தால், அந்தக் கதவு சாத்தினால் சாத்தியிருக்க வேண்டும். சாத்தின மாதிரி படம் வரைந்து ஒட்டி வைப்பது வேலை இல்லை.

எழுதியவருக்கு மின்னஞ்சல் போட்டேன். நாலாம் நாள் பதில் வந்தது. மரியாதையாகவே எழுதியிருந்தார். தான் இருக்கிற ஊரில் கிரீன்விச் நேரமும் கடிகார நேரமும் குளிர்காலத்தில் ஒன்றாகவே இருப்பதால் கண்ணில் படவில்லை என்றார். நியாயம்தான். மூன்று வாரத்தில் புதுப் பதிப்பு வந்தது. வரைவு இப்போது நிஜமாகவே வரைவாகப் போகிறது, நேரம் சரியாக இருக்கிறது. கடவுச்சொல் பெட்டியும் 24 எழுத்தை வாங்குகிறது. பட்டியலில் தேர்வாகியிருப்பதைத்தான் அனுப்புவேன் என்ற பிடிவாதம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இன்னும் சில்லறைக் குறைகள். படங்கள் போவதில்லை, என் கணினியின் சி டிரைவில் உள்ள முகவரியைத்தான் பதிவில் எழுதி அனுப்புகிறது, தளத்தில் உடைந்த கட்டம்தான் தெரியும். ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியாக லதா எழுத்துரு, 14 அளவு என்று ஒட்டி அனுப்புகிறது, அதை உரித்தெடுப்பது தனி வேலை. பதிவின் முகவரியை நாமே கொடுக்க ஒரு பெட்டி இல்லை. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது முக்கியம். வேர்ட்பிரஸில் அதற்கு 200 இடம்தான். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் மூன்று இடமாக விரிவதால் தமிழில் ஒரு குறிக்கு ஒன்பது இடம் போய்விடும், கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'சிவகாசி' என்ற ஒரே சொல் 63 இடத்தை அடைத்துக்கொள்ளும். 22 குறியோடு தலைப்பு நடு வார்த்தையில் அறுந்து தொங்கும்.

வாங்கலாமா என்று கேட்டால், டைரி எழுத மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள், ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். வலைப்பதிவுக்கு அனுப்பவும் என்றால் ஒன்றரை. பிரவுசரில் ஒட்டிப் போடுவதே இதைவிடச் சீக்கிரம் முடியும். அதற்கும் மேலே ஆசை இருந்தால், 2015 டிசம்பரில் திறந்த மூலமாக வெளிவந்த ஓப்பன் லைவ் ரைட்டர் மாதிரி, பதிவுக்கென்றே உள்ள ஒன்றைப் பாருங்கள். டைரியையும் அதையும் ஒரே கூரைக்குள் வைக்காதீர்கள். எந்த மென்பொருளாக இருந்தாலும், முதல் சோதனையைப் புதிதாகத் திறந்த வெற்றுத் தளத்தில், வெற்று டைரியிலிருந்து செய்யுங்கள்.

சின்ன முதலாளி அன்று பதினொரு மணிக்கு டிடிபி அறைக்கு வந்தார். நான் திரையை விட்டுத் தலை தூக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "அக்கா, செவ்வாய்க்கிழமை ராகுகாலம் மூணுல இருந்து நாலரை. இப்பத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிளேட் எடுக்கிற பையன் முதுகைத் திருப்பிக்கொண்டு சிரித்தது எனக்குக் கேட்டது.

இப்போது சோதனைக்கென்று தனியாக ஒரு டைரி வைத்திருக்கிறேன். புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் அதிலிருந்துதான் அனுப்பிப் பார்ப்பது. அதில் ஒரே ஒரு பக்கம், ஒரே ஒரு வரி: செவ்வாய், 3:00 - 4:30.